சூடேறும் சட்டை, குளிரும் சட்டை: ஒரு சிறு வரலாறு

முதல் உலகப் போரில் பறந்த விமானங்களுக்குக் கூரை கிடையாது. விமானி உட்காரும் இடம் மேலே திறந்தே இருக்கும். தலையும் தோளும் வெளியே. எதிரில் ஒரு சின்னக் கண்ணாடித் தடுப்பு, அவ்வளவுதான்! மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் காற்று முகத்தில் அறையும். ஒவ்வொரு 1000 மீட்டர் மேலே போகும்போதும் வெப்பநிலை சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பள்ளிக்கூடப் பாடம். தரையிலேயே பூஜ்யம் டிகிரி இருக்கும் பிரான்ஸ் நாட்டுக் குளிர்காலத்தில் 5000 மீட்டர் உயரத்துக்குப் போனால் மைனஸ் 30-க்கும் கீழே.

விமானிகள் முகத்தில் திமிங்கில எண்ணெயைப் பூசிக்கொண்டார்கள். தோல் கோட்டு, கம்பளி, உரோமம் வைத்த பூட்ஸ் என்று ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டார்கள். அப்படியும் விரல்கள் மரத்துப்போகும். மரத்துப்போன விரலால் துப்பாக்கி விசையை அழுத்த முடியாது.

திறந்த வண்டியில் போகிறவனுக்குச் சூடோ குளிர்ச்சியோ தரும் உடை என்ற யோசனை சூடு பிடித்தது இந்தக் காலத்தில்தான். நூறு ஆண்டைத் தாண்டிய இந்தக் கதை வானத்தில் ஆரம்பித்து, நிலாவுக்குப் போய், ரேஸ் மைதானத்தைச் சுற்றிவிட்டுத் தெருவில் பைக் ஓட்டுகிறவனிடம் வந்து சேர்கிறது. உண்மையிலேயே வந்து சேர்ந்துவிட்டதா என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி.

எண்ணெய்க் கறை தந்த ஐடியா

சிட்னி காட்டன் என்பவர் ஆஸ்திரேலியர். பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பிரிவில் விமானியாக இருந்தார். 1916-17 குளிர்காலத்தில் ஒருநாள் தன் விமான எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது உடனே கிளம்பச் சொல்லி அழைப்பு வந்தது. உடை மாற்ற நேரமில்லை. எண்ணெயும் கிரீஸும் ஊறிய அழுக்கு ஓவரால் உடுப்போடு அப்படியே ஏறிப் பறந்துவிட்டார்.

திரும்பி வந்தபோது மற்றவர்கள் குளிரில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார்கள். காட்டனுக்கு மட்டும் அவ்வளவாகக் குளிரவில்லை! காரணத்தை யோசித்தார். துணியில் ஊறிய எண்ணெய் காற்றை உள்ளே விடவில்லை. உடம்புச் சூட்டை வெளியேயும் விடவில்லை. குளிரைவிடப் பெரிய எதிரி காற்று என்று புரிந்துவிட்டது.

உள்ளே மெல்லிய உரோமம், நடுவில் காற்றுப் புகாத பட்டு, வெளியே நெருக்கமாக நெய்த துணி என்று மூன்று அடுக்கில் லண்டனில் ஒரு உடை தைக்கச் சொன்னார். கழுத்திலிருந்து கால்வரை ஒரே துண்டு. அவர் பெயரையே சுருக்கி 'சிட்காட்' என்று வைத்தார்கள். பல மாற்றங்களோடு பிரிட்டிஷ் விமானப்படை அதைப் பல ஆண்டுகள் பயன்படுத்தியது.

ஆனால் சிட்காட் உடம்புச் சூட்டைச் சேமிக்கத்தான் முடியும். புதிதாகச் சூடு தராது. அதனால் அந்தப் போர் முடிவதற்குள்ளேயே மின்சாரத்தில் சூடேறும் உடைகளும் கையுறைகளும் வந்துவிட்டன. காற்றில் சுழலும் சின்ன விசிறி ஒரு ஜெனரேட்டரை ஓட்டும். அந்த மின்சாரம் துணிக்குள் தைத்த கம்பிகளில் பாயும். எந்தக் காற்று விமானியை நடுங்க வைத்ததோ அதே காற்றை வைத்து அவரைச் சூடாக்கிய தந்திரம் இது!

சீரியல் செட் மாதிரி ஒரு உடை

இரண்டாம் உலகப் போரில் விமானங்களுக்குக் கூரை வந்துவிட்டது. ஆனால் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானத்தில் பக்கவாட்டுத் துப்பாக்கி வீரர்கள் நின்ற இடத்தில் பெரிய ஜன்னல். ஆரம்ப ஆண்டுகளில் அது திறந்தே கிடந்தது. 7000 மீட்டருக்கும் மேலே மைனஸ் 40 டிகிரியில், திறந்த ஜன்னல் முன்னால் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். வெறும் கையால் துப்பாக்கியைத் தொட்டால் தோல் உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இங்கிலாந்திலிருந்து பறந்த அமெரிக்காவின் எட்டாவது விமானப்படையில், முதல் ஓராண்டுக்கும் மேலாக, எதிரியின் குண்டுக் காயத்தால் பறக்க முடியாமல் போனவர்களைவிடப் பனிக்கடியால் பறக்க முடியாமல் போனவர்களே அதிகம். ஜெர்மன்காரன் சுட்டதைவிடக் குளிர் சுட்டது அதிகம்!

இதற்காக ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 24 வோல்ட்டில் ஓடும் எஃப்-1 என்ற சூடேறும் உடையைத் தயாரித்தது. நீல நிறத்தில் இருந்ததால் வீரர்கள் வைத்த செல்லப் பெயர் 'நீல முயல்'. இதில் ஒரு கோளாறு. சட்டை, கையுறை, காலுறை எல்லாம் ஒரே சுற்றில் தொடராக இணைக்கப்பட்டிருந்தன. திருவிழாவில் தொங்கவிடும் சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் வரிசையே அணையுமே, அதே கதைதான். கையுறையில் ஒரு கம்பி அறுந்தால் உடல் முழுவதும் ஜில்லிட்டுவிடும். வீட்டில் சீரியல் செட் அணைந்தால் பல்பை மாற்றலாம். எதிரி நாட்டின் மேலே பறக்கும்போது என்ன செய்வது? பிறகு வந்த எஃப்-3 உடையில் இணைப்புகள் மாற்றப்பட்டு இந்தத் தொல்லை குறைந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு வீரரைப் பயிற்றுவிக்க அரசுக்கு எவ்வளவோ செலவு. அவர் விரல் உறைந்தால் நஷ்டம் அவருக்கு மட்டும் அல்ல, படைக்கும்தான். அதனால்தான் உடைக்கான பில்லைப் படை கட்டியது.

பைக்குக்கு வந்த கம்பிச் சட்டை

போர் முடிந்தபின் இந்த உடைக்கு அடுத்த ஆள் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்தான். அவரும் திறந்த வண்டியில்தான் போகிறார். ஆனால் பைக்கில் மின்சாரம் ஏது? பழைய பைக்குகள் பலவற்றில் 6 வோல்ட் பேட்டரி. முகப்பு விளக்குக்கே அது திணறும். சூடேறும் ஜாக்கெட் ஒன்றுக்கு மட்டும் 70, 80 வாட் வேண்டும். கையுறைக்கு இன்னும் ஒரு 20, 25.

1970-களில் நிலைமை மாறியது. 1975-ல் வெளிவந்த ஹோண்டா கோல்டு விங் பைக்கில் 300 வாட் ஆல்டர்னேட்டர் இருந்தது. அதே காலத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கார்டன் ஜெர்பிங் என்பவர் பைக் பேட்டரியிலிருந்து சூடேறும் உடைகளைத் தயாரித்து விற்க ஆரம்பித்தார். மழையும் ஈரக் குளிரும் உள்ள பகுதி அது; வாங்க ஆள் இருந்தார்கள். 2001 மாடல் கோல்டு விங்கில் ஆல்டர்னேட்டர் 1100 வாட்டைத் தொட்டபோது ஜாக்கெட், பேன்ட், கையுறை என்று எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு போகலாம் என்றாகிவிட்டது.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. படையில் பில் கட்டியது அரசாங்கம். இங்கே பில் கட்டியது ஓட்டுகிறவரின் சொந்தப் பர்ஸ். ஆகவே இது வசதியுள்ள, நீண்ட தூரம் போகும் பைக் பிரியர்களின் உடையாகவே நின்றுவிட்டது.

குளிர வைப்பது ஏன் கஷ்டம்?

சூடாக்குவது செலவு செய்வது மாதிரி. கம்பியில் மின்சாரத்தை விட்டால் போதும், யாரும் செய்யலாம். குளிர வைப்பது கடன் அடைப்பது மாதிரி; உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வேறு எங்காவது கொண்டுபோய்க் கொடுத்தே ஆக வேண்டும்.

நல்ல வெயிலில் பைக் ஓட்டும்போது காற்று படுகிறதே, அது போதாதா? தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும்வரை சரி. 42 டிகிரி வெயிலில் வீசும் காற்று வெப்பத்தை எடுத்துப் போகாது, கொண்டுவந்து கொட்டும். அப்போது உடம்பைக் காப்பாற்றுவது வியர்வை ஆவியாவது ஒன்றுதான். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான். பைக்காரர்களுக்கு விற்கும் 'ஈர வெஸ்ட்' அந்தப் பானையின் தம்பி: தண்ணீரில் நனைத்துப் போட்டுக்கொண்டால் காற்றில் ஆவியாகிக் குளிரும். அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் அருமையாக வேலை செய்யும். சென்னை மாதிரி கடலோர ஊரில் காற்றில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் பலன் குறைவு.

நிலாவில் ஓடிய திறந்த வண்டி

இந்தக் கடனை வேறு வழியில் அடைத்தது பிரிட்டனின் ஃபார்ன்பரோவில் இருந்த விமான ஆராய்ச்சி நிலையம். வெயிலில் நிற்கும் போர் விமானத்துக்குள் வெந்துபோகும் விமானிகளுக்காக, 1960-களின் தொடக்கத்தில் உள்ளாடையில் மெல்லிய குழாய்களைத் தைத்து அவற்றில் குளிர்ந்த நீரை ஓடவிட்டுப் பார்த்தார்கள்.

அமெரிக்க விண்வெளி வீரர்களின் உடையோ அப்போது காற்றோட்டத்தால்தான் குளிர்ந்தது. 5 ஜூன் 1966 அன்று ஜெமினி-9 கலத்திலிருந்து யூஜின் செர்னன் வெளியே வந்து மிதந்தார். சுற்றிலும் வெற்றிடம்; அதாவது ஃபிளாஸ்க்குக்குள் அடைத்த காபி மாதிரி, உடம்புச் சூடு எங்கும் போகாது. இரண்டு மணி நேரப் போராட்டத்தில் வியர்த்துக் கொட்டியது. முகக் கண்ணாடி ஆவி படிந்து பார்வையே மறைந்தது. ஒருவழியாகத் தடவித் தடவி உள்ளே வந்து சேர்ந்தார்.

அப்போலோ பயணங்களுக்கு நீர்க்குழாய் உள்ளாடை வந்தது. உடம்பைச் சுற்றி ஓடும் நீர் வெப்பத்தை முதுகுப் பைக்குக் கொண்டுபோகும். அங்கே வேறு கொஞ்சம் தண்ணீர் பனிக்கட்டியாக உறைந்து, வெற்றிடத்தில் நேராக ஆவியாகி, வெப்பத்தை வெளியே எடுத்துப் போய்விடும்.

1971-ல் அப்போலோ-15 வீரர்கள் நிலாவில் ஒரு காரை ஓட்டினார்கள். கூரை இல்லை, கதவு இல்லை. திறந்த வண்டி என்றால் அதைவிடத் திறந்த வண்டி கிடையாது! 1972 டிசம்பரில் அப்போலோ-17 பயணத்தில் அதே மாதிரி வண்டியைச் சுமார் 35 கிலோமீட்டர் ஓட்டியவர் யார் தெரியுமா? அதே செர்னன். ஆறு ஆண்டுக்கு முன் தன் வியர்வையில் தானே மூழ்கியவர், இப்போது மூன்று நாளில் 22 மணி நேரம் வெளியே வேலை பார்த்துவிட்டுத் திரும்பினார்.

அரை கிலோ எடை

நிலாவுக்குப் போன நீர்க்குழாய்ச் சட்டை ரேஸ் கார்களுக்கும் வந்தது. பெட்டியில் பனிக்கட்டி, ஒரு சின்ன பம்ப், சட்டையில் குழாய். ஆனால் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இதைப் பெரும்பாலும் யாரும் சீண்டவில்லை. காரணம் எடை. ஒவ்வொரு கிலோவும் சுற்றுக்குச் சில நூறில் ஒரு பங்கு நொடியைத் தின்றுவிடும். எதிராளி போடாதபோது நாம் மட்டும் போட்டால் தோல்வி.

8 அக்டோபர் 2023 அன்று கத்தார் பந்தயத்தில் கணக்கு எகிறியது. ராத்திரிப் பந்தயம்தான், ஆனாலும் தாங்க முடியாத புழுக்கம். ஒரு ஓட்டுநர் ஹெல்மெட்டுக்குள்ளேயே வாந்தி எடுத்தார். இன்னொருவர் முடியாமல் பாதியில் விலகினார். பந்தயம் முடிந்ததும் சிலருக்கு மருத்துவ உதவி தேவைப்பட்டது.

அதன்பின் சர்வதேச அமைப்பு விதியை மாற்றியது. வெப்ப அபாயம் என்று அறிவிக்கப்பட்ட பந்தயத்தில் எல்லாக் கார்களிலும் குளிரூட்டும் கருவி இருக்க வேண்டும். அதற்காகக் குறைந்தபட்ச எடை 5 கிலோ கூடும். 2025-ல் சட்டையைப் போடுவது ஓட்டுநரின் விருப்பம்தான். ஆனால் போடாதவர் காரில் அரை கிலோ எடையைச் சுமந்தாக வேண்டும்! 2025 அக்டோபரில் சிங்கப்பூர் பந்தயத்தில்தான் முதன்முதலாக இந்த அறிவிப்பு வந்தது.

அந்த அரை கிலோவில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது. சட்டை கண்டுபிடிக்கப்பட்டுப் பல ஆண்டாகிவிட்டது. அதைப் போடாமல் இருப்பதில் கிடைத்த லாபத்தை எடுத்த பிறகுதான் அது காருக்குள் வந்தது.

தெருவுக்கு எப்போது?

பணக்கார விளையாட்டுக்கு மட்டும்தான் இது சாத்தியமா? இல்லை. ஜப்பானில் சோனி நிறுவனத்தின் முன்னாள் பொறியாளர் இச்சிகாயா ஹிரோஷி, முதுகில் இரண்டு சின்ன மின்விசிறி வைத்த ஜாக்கெட்டை 2004 முதல் விற்க ஆரம்பித்தார். பனிக்கட்டியும் வேண்டாம், குழாயும் வேண்டாம். வெளிக்காற்றை உள்ளே இழுத்து வியர்வையை ஆவியாக்கும், அவ்வளவே. இன்று அங்கே கட்டடத் தொழிலாளிகள் அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்வது சாதாரணக் காட்சி. ஜூன் 2025 முதல் கடும் வெயிலில் வேலை வாங்கும் முதலாளி, வெப்ப மயக்கத்துக்கு எதிரான ஏற்பாடுகளைச் செய்வது அங்கே சட்டப்படி கட்டாயம்.

இப்போது மே மாதச் சென்னைக்கு வரலாம். உணவுப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு மத்தியான வெயிலில் போகும் டெலிவரி ஊழியரும் திறந்த வண்டியில்தான் போகிறார். அவரிடம் இருக்கும் குளிரூட்டும் உடை, ஹெல்மெட்டுக்குள் வைத்த ஈரக் கர்ச்சீஃப். 2025-ல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் இவர்களுக்காக ஏசி ஓய்வறை திறந்தது நல்ல காரியம். ஆனால் அவருக்குக் கூலி ஆர்டர் கணக்கில். உள்ளே உட்காரும் ஒவ்வொரு அரை மணி நேரமும் அவர் பாக்கெட்டிலிருந்து போகிறது.

விமானப்படை வீரர் உறைந்தால் நஷ்டம் அரசுக்கு. செர்னன் மயங்கினால் நஷ்டம் நாசாவுக்கு. ரேஸ் ஓட்டுநர் சுருண்டால் நஷ்டம் அணிக்கு. அதனால் அவர்களுக்கெல்லாம் சட்டை கிடைத்தது. டெலிவரி ஊழியர் வெயிலில் சுருண்டால், நஷ்டக் கணக்கில் அவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது. நிலாவரைக்கும் போய் வந்துவிட்ட சட்டைக்கு அண்ணா நகர் இன்னும் தூரமாக இருப்பது அதனால்தான்.