டிஜிகே-1

டிஜிகே-1 (பிராந்திய மின்னாக்க நிறுவனம் எண் 1) என்பது வடமேற்கு ரஷ்யாவில் மின்சாரமும் வெப்பமும் உற்பத்தி செய்யும் நிறுவனம். ரஷ்ய மின்துறைச் சீர்திருத்தத்தின்போது, 2005இல் உருவானது. தலைமையகம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். பெரும்பான்மைப் பங்குகள் காஸ்புரோம் குழுமத்திடம் உள்ளன.

நீர்மின்சாரம்: லெனின்கிராடு மாகாணம், கரேலியா, மூர்மன்ஸ்க் ஆகிய பகுதிகளில் இதற்குச் சுமார் 40 நீர்மின் நிலையங்கள் உள்ளன. பெரும்பாலானவை ஆற்றின் போக்கில் அடுத்தடுத்து அமைந்தவை. மேல் நிலையத்தின் டர்பைன்களைச் சுழற்றிய நீரே கீழ் நிலையத்தின் டர்பைன்களையும் சுழற்றுகிறது. மூர்மன்ஸ்க் அருகிலுள்ள கீழ்த் துலோமா நிலையத்தில், முட்டையிட ஆற்றில் எதிரேறும் சால்மன் மீன்களுக்காகத் தனி மீன்படி கட்டப்பட்டுள்ளது.

வோல்கவ் நிலையம்: பொறியாளர் கென்ரிக் கிராஃப்டியோவின் தலைமையில் கட்டப்பட்டு, 1926இல் இயங்கத் தொடங்கிய இந்நிறுவனத்தின் இந்நிலையம், சோவியத் மின்மயத் திட்டத்தின் முதல் பெரிய நீர்மின் நிலையங்களுள் ஒன்று. இரண்டாம் உலகப் போரில் லெனின்கிராடு (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) முற்றுகையிடப்பட்டிருந்தபோது, லடோகா ஏரியின் அடியில் பதித்த கம்பிவடங்கள் வழியே 1942 செப்டம்பரில் இந்நிலையத்தின் மின்சாரம் நகரை எட்டியது. பட்டினியில் வாடிய நகருக்கு அது உயிர்நாடியாக விளங்கியது.

வெப்பம்: அனல்மின் நிலையங்களில் டர்பைனைச் சுழற்றிய நீராவி வீணாக விடப்படுவதில்லை. அது நீரைச் சூடாக்குகிறது. அந்த வெந்நீர் குழாய்கள் வழியே வீடுகளை அடைந்து, சன்னலோர வெப்பமூட்டிகளில் ஓடி, மீண்டும் நிலையத்துக்கே திரும்புகிறது. உறைபனிக் காலத்தில் இங்கு வெப்பமும் மின்சாரத்தைப் போலவே அடிப்படைத் தேவை.