கைகளால் கேட்ட மருத்துவர்

குழந்தைகளின் இருதய மருத்துவம் தனித்துறையாக வளர்ந்த வரலாற்றை ஆராய்வோர் ஹெலன் டௌசிக் அம்மையாரைக் கடந்து செல்ல இயலாது. 1898-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்த அவர், பதினொன்றாம் வயதில் தாயை இழந்தார். எழுத்துக் கூட்டி வாசிப்பதே அவருக்குப் பெரும்பாடாயிருந்தது. ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி அந்நாளில் பெண்களுக்குப் பட்டம் வழங்கவில்லை. ஆகவே பால்டிமோரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பயின்று 1927-இல் மருத்துவரானார்.

1930-இல் அங்கே குழந்தைகளின் இருதயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். அக்காலத்தில் அவரது செவித்திறன் குன்றலாயிற்று. இருதய ஓசையைக் கேட்டறிய வேண்டியவருக்கு இதனினும் பெரிய இடர் உண்டோ? அவரோ குழந்தையின் மார்பின்மீது விரல்களை வைத்துத் துடிப்பை உணரப் பழகினார். எக்ஸ்ரே திரையில் இருதயத்தின் வடிவை நுணுகி நோக்கினார்.

பிறவி இருதயக் குறையால் நுரையீரலுக்குப் போதிய இரத்தம் செல்லாது உடல் நீலம் பாரித்த குழந்தைகளுக்கு அந்நாளில் சிகிச்சை இல்லை. பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் கருவில் இணைக்கும் குழாய், பிறந்தபின் மூடிக்கொள்வது இயல்பு. ஆனால் அது மூடியபின் இக்குழந்தைகளின் நிலை மோசமாவதை அம்மையார் கண்டார். அங்ஙனமாயின் புதிய வழியொன்றை அமைக்கலாகாதா? பாஸ்டன் அறுவை மருத்துவர் ராபர்ட் கிராஸ் இக்கருத்தில் நாட்டம் கொள்ளவில்லை. 1941-இல் ஹாப்கின்ஸுக்கு வந்த ஆல்ஃபிரட் பிளாலாக் அதனை ஏற்றார்.

அவரது ஆய்வுக்கூட உதவியாளர் விவியன் தாமஸ் கறுப்பினத்தவர். வங்கி முறிவில் சேமிப்பை இழந்து கல்லூரிக் கனவைக் கைவிட்டவர். நாய்களில் அம்முறையைச் சோதித்துச் செப்பனிட்டவர் அவரே. 1944 நவம்பர் 29 அன்று பதினைந்து மாதப் பெண் குழந்தைக்கு முதல் அறுவை நடந்தபோது, தாமஸ் பிளாலாக்கின் பின்னே நின்று வழிகாட்டினார். அக்குழந்தை சில மாதங்களில் இறந்தது. எனினும் பின்வந்த ஆயிரக்கணக்கானோர் பிழைத்தனர்.

1945-இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் பிளாலாக், டௌசிக் எனும் இரு பெயர்களே இருந்தன. தாமஸின் பெயர் இல்லை. அவருக்கு ஹாப்கின்ஸ் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது 1976-இல்தான். அம்மையாருக்கும் முழுப் பேராசிரியர் பதவி 1959 வரை கிட்டவில்லை. 1965-இல் அமெரிக்க இருதயச் சங்கத்தின் முதல் பெண் தலைவரான அவர், 1986-இல் விபத்தில் மறைந்தார்.

பெண்ணென்று விலக்கப்பட்டவரின் பெயர் நிலைத்த இடத்திலேயே, நிறத்தால் விலக்கப்பட்டவரின் பெயர் மறைந்திருந்ததை நாம் கவனிக்க வேண்டும். ஏடுகளில் ஏறிய பெயர்களோடு, அவற்றின் பின்னே நின்ற கைகளையும் தேடுவதே வரலாறு கற்போரின் கடமையாகும்.