கடல் கடந்த சக்ஸபோன்: டபி ஹேய்ஸ் பெற்ற அங்கீகாரம்

கலைஞனொருவனின் புகழை அவனது திறமையின் பயனாக மட்டுமே கொள்வது வழக்கம். ஆயின், அத்திறமை தக்கோர் செவியை எட்டுதற்கு வழி திறந்திருந்ததா என்பதும் வரலாற்று மாணவர் எழுப்ப வேண்டிய வினாவாகும். பிரித்தானிய சக்ஸபோன் கலைஞரான டபி ஹேய்ஸின் (1935–1973) வாழ்க்கை இதற்குத் தக்க சான்று.

ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பின மக்களிடையே தோன்றிய ஜாஸ் இசை மனோதர்மத்தை உயிராகக் கொண்டது. ஒருவர் வாசிக்க, மற்றவர் அக்கணமே மறுமொழி தரும் இக்கலையை இசைத்தட்டுகளின் மூலம் மட்டும் முற்றாகக் கற்றல் அரிது. எனினும் 1935ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ இருபதாண்டுகள் பிரித்தானிய இசைஞருக்குப் பெரிதும் துணையாயிருந்தவை இசைத்தட்டுகளே. பிரித்தானியக் குழுக்களை அமெரிக்க இசைஞர் சங்கம் ஏற்க மறுத்தமையால், பிரித்தானியச் சங்கத்தின் வற்புறுத்தலின்பேரில் அந்நாட்டுத் தொழில் அமைச்சும் அமெரிக்கக் குழுக்களுக்கு அனுமதி மறுத்தது. உழைப்போரின் பிழைப்பைக் காக்க எழுந்த வேலி அவர்தம் கல்விக்குத் தடையாயிற்று. றொனி ஸ்கொட், ஜோன் டாங்க்வேத் போன்றோர் அத்திலாந்திக் கப்பல்களில் வாத்தியக்காரராகச் சேர்ந்து, நியூயோர்க்கில் புதிய ஜாஸ் இசையை நேரிற் கேட்டுத் திரும்பினர். அவர்கள் கொணர்ந்த பாணியைக் கேட்டு வளர்ந்தவரே ஹேய்ஸ். 1957 முதல் 1959 வரை அவர் ஸ்கொட்டுடன் இணைந்து ‘ஜாஸ் கூரியர்ஸ்’ என்னும் குழுவை நடத்தினார்.

1950களின் நடுப்பகுதியில், இரு நாட்டுச் சங்கங்களும் பரிமாற்ற முறையை ஏற்கவே தடை தளர்ந்தது. எத்தனை பேர் வருகின்றனரோ அத்தனை பேர் செல்லலாம் என்பதே அம்முறை. 1959இல் ஸ்கொட்டும் பீற் கிங்கும் இலண்டனில் தொடங்கிய ஜாஸ் அரங்கு இதனைப் பயன்படுத்திக்கொண்டது. 1961இல் அமெரிக்கரான சூட் சிம்ஸ் அங்கு வாசிக்க, ஈடாக ஹேய்ஸ் நியூயோர்க்கின் ‘ஹாவ் நோட்’ விடுதியில் வாசித்தார். அவ்வாண்டே கிளார்க் ரெரி, ஹோரஸ் பார்லன் ஆகியோருடனும், மறு ஆண்டில் றோலண்ட் கேர்க், ஜேம்ஸ் மூடி ஆகியோருடனும் அந்நகரில் இசைத்தட்டுகளைப் பதிவு செய்தார்.

இப்பதிவுகளில் அவர் விருந்தாளியாக உபசரிக்கப்படவில்லை. ஒத்த கலைஞராகவே எதிர்கொள்ளப்பட்டார். 1964இல் இலண்டன் வந்த டியூக் எலிங்டன் குழுவில் போல் கொன்சால்வெசின் இடத்தை நிரப்பும் பொறுப்பும் அவரையே சேர்ந்தது. அக்குழுவின் புகழ்மிக்க தனிவாசிப்பாளருள் ஒருவர் கொன்சால்வெஸ் என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஹேய்ஸ் 38ஆவது வயதில் மறைந்தார். வேலி தளராதிருப்பின் அவரது திறமை அந்நாட்டாருக்கு இசைத்தட்டின் வாயிலாக மட்டுமே தெரியவந்திருக்கும். வேலி தளர்ந்ததனால் மட்டும் எவரும் அவரை மதித்திருக்கவும் மாட்டார். ஒருவருக்கு ஒருவர் என்று ஆட்கணக்கை நிகர் செய்தது ஒப்பந்தம். கலையிலும் அது நிகரே என நிறுவியது அவரது வாசிப்பு.