அமாவாசைக் கூட்டமும் எட்டு மணி நேர வேலையும்

ராமேஸ்வரத்தில் கடை வைத்திருக்கும் யாரும் "திடீர்னு கூட்டம் வந்துடுச்சு" என்று சொல்லவே முடியாது. ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை மூன்றும் எந்தத் தேதியில் வரும் என்பது பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே அச்சாகி விடுகிறது. கார்த்திகை பிறந்தால் மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள் பஸ் பஸ்ஸாக வருவார்கள். ஏப்ரல், மே என்றால் பள்ளி விடுமுறை. இவ்வளவு ஒழுங்காக, சொல்லி வைத்தாற்போல் வரும் கூட்டம் வேறு எந்த ஊர் வியாபாரத்துக்கும் கிடைக்காது. ஆனாலும் அந்த நாட்களில் கடையில் நிற்பது அதே நாலு பேர் தான். லீவு ரத்து. எப்போது வீட்டுக்குப் போகலாம் என்பது முதலாளி சொல்லும்போது தான் தெரியும்.

சரி, இதற்கு சட்டம் என்று ஒன்று கிடையாதா? இருக்கிறது, அதுவும் சுதந்திரம் கிடைத்த வருடத்திலேயே வந்தது. 1947ம் வருட சென்னை கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் (இப்போது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம்) கடை ஊழியருக்கு ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று கணக்கு வைத்தது. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54ஐத் தாண்டக் கூடாது. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். நாலு மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேரம் ஓய்வு. காலையில் வந்தது முதல் இரவு கிளம்புவது வரை, இடைவேளை எல்லாம் சேர்த்து, 12 மணி நேரத்துக்கு மேல் நீளக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. 75 வருடத்துக்கு முன்பு எழுதியதா இது என்று ஆச்சரியமாகத்தான் இருக்கும், படித்துப் பார்த்தால்.

அதற்கு முன்பே பம்பாய் மாகாணம் 1939ல் இப்படி ஒரு சட்டம் கொண்டு வந்திருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் 1954ல் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வந்தது. அங்கே வாரத்துக்கு 45 மணி நேரம், ஒன்றரை நாள் வார விடுமுறை. ராமநாதபுரம் கரைக்கு இது வெறும் வெளிநாட்டுச் செய்தி அல்ல. கீழக்கரை மாதிரி ஊர்களிலிருந்து கொழும்புக்கு வியாபாரத்துக்கும் கடை வேலைக்கும் தலைமுறை தலைமுறையாகப் போனவர்கள் உண்டு. 1914 முதல் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு அந்த வழியும் போயிற்று. அதன் பிறகு கடை வேலை என்றால் சென்னை, மதுரை என்று ஆகிவிட்டது.

சட்டம் இருந்தும் ஏன் நிலைமை மாறவில்லை என்பதற்கு "யாரும் அமல்படுத்துவதில்லை" என்பது வழக்கமான பதில். அது உண்மை தான், ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு ஆள் எத்தனை மணி நேரம் உழைக்கலாம் என்று சட்டம் சொல்கிறதே தவிர, ஒரு கடைக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று சொல்லவில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கோயிலில் ஸ்படிகலிங்க தரிசனம் விடிகாலையில். ஆகவே பக்கத்துக் கடை ஒன்று காலை 5 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது என்று வைத்துக் கொள்வோம். ஒரு நாளைக்கு 17 மணி, வாரத்துக்கு 119 மணி. கல்லாவில் ஒருவர், சாமான் எடுத்துக் காட்ட இருவர், ஆக மூன்று இடம். 357 மணி. இதை 48ஆல் வகுத்தால் 7.4, அதாவது எட்டு ஆள் வேண்டும். இருப்பது நாலு பேர் என்றால் தலைக்கு வாரம் 89 மணி! அந்த நாலில் ஒருவருக்கு ஜுரம் வந்தால் மற்ற மூவரின் கதி என்ன? முதலாளி கணக்கில் இது சம்பளச் செலவு மிச்சம். எந்தப் பேரேட்டிலும் மறுபக்கம் எழுதப்படுவதில்லை.

இங்கிலாந்தும் இந்த வழியில் வந்தது தான். அங்கே கடை ஊழியர்கள் கடை மாடியிலேயே தங்கி, முதலாளி போடும் சாப்பாட்டைச் சாப்பிட்டு, நாளெல்லாம் நின்றார்கள். 2010ல் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மார்கரெட் பாண்ட்ஃபீல்ட் என்ற பெண் பதினான்கு வயதில் துணிக்கடை வேலைக்குப் போனவர். பின்னால் 1890களில் கடை கடையாக வேலைக்குச் சேர்ந்து, உள்ளே நடப்பதை ரகசியமாகக் குறிப்பெடுத்து வெளியிட்டார். 1929ல் பிரிட்டனின் முதல் பெண் கேபினட் அமைச்சரும் ஆனார். அவருக்குக் கொடுத்த துறை எது தெரியுமா? தொழிலாளர் துறையே தான்.

கடையில் வேலை செய்யும் பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று அங்கே 1899ல் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் அதே உரிமை ஆண், பெண் எல்லோருக்கும் 2021ல், 22-ஏ என்ற புதிய பிரிவாக வந்தது. இடையில் 122 வருடம்! அதுவும் கேரளாவில் 2018ல் வந்த பிறகு. கேரளாவில் அது சும்மா வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கழிப்பறை கேட்டு ஆரம்பித்த 'பெண்கூட்டு' அமைப்பும் அதன் விஜியும், 2014 கடைசியில் திருச்சூரில் தொடங்கி மாதக்கணக்கில் நடந்த 'இருப்பு சமர'மும் அதற்குப் பின்னால் இருந்தன.

நாற்காலி வந்தது நல்லது தான். ஆனால் நாலு பேர் வேலையை இரண்டு பேர் பார்க்கும் கடையில் அதில் உட்கார நேரம் ஏது? அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரம் 2014ல் வேறு மாதிரி யோசித்தது. பெரிய சங்கிலிக் கடைகள் இரண்டு வாரம் முன்னதாகவே ஷிப்ட் பட்டியலைக் கொடுக்க வேண்டும், கடைசி நேரத்தில் மாற்றினால் கூடுதல் பணம் தர வேண்டும் என்றது. ஒரேகான் மாநிலம் 2017ல் அதே வழியில் ஒரு சட்டம் போட்டது. பஞ்சாங்கம் இருக்கிற ஊருக்கு இரண்டு வாரம் என்ன, இரண்டு மாதம் முன்பே கொடுக்கலாம்.

தமிழ்நாட்டில் இதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தது 24 மணி நேரக் கடை அனுமதி தான். 2019ல் மூன்று வருடத்துக்கு என்று கொடுத்து, 2022ல் மறுபடி நீட்டித்தார்கள். அதன் நிபந்தனைகளில், ஒவ்வொரு ஊழியருக்கும் சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் விடுமுறை, அன்றன்று லீவில் இருப்பவர்கள் விவரத்தை எல்லோரும் பார்க்கும்படி கடையில் ஒட்டி வைக்க வேண்டும் என்பவையும் உண்டு. அந்த ஆணை பத்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகளுக்கு மட்டும். அக்னி தீர்த்தத்துக்குப் போகும் வழியில் சங்கும் பாசிமணியும் விற்கிற கடைகளில் பத்து பேரைத் தேடினாலும் கிடைக்க மாட்டார்கள்.