வினைத்திட்டமும் கணிப்பொறியும்

ஒரு வினையைச் செய்யும்பொழுதே மற்றொரு வினையையும் முடித்துக்கொள்ளுதலைத் திருக்குறளின் வினைசெயல்வகை அதிகாரம், யானையைக் கொண்டு யானையைப் பிடித்தலோடு ஒப்பிடுகின்றது. வினைகள் ஒன்றற்கொன்று உதவியாகவும் நிற்கும், முரணாகவும் நிற்கும். செயற்கை அறிவுத்துறையில் ‘தானியங்கு திட்டமிடல்’ எனப்படும் பிரிவின் வரலாறு இவ்வுண்மையைச் சுற்றியே வளர்ந்தது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

தொடக்கநிலை, செய்யத்தக்க வினைகள், அடையவேண்டிய குறிக்கோள் ஆகிய மூன்றையும் அறிவித்தால், குறிக்கோளுக்குச் செல்லும் வினைவரிசையைக் கணிப்பொறி தானே கண்டுரைத்தல் வேண்டும். இதுவே இப்பிரிவின் பொருள். 1959-இல் நியூவெல், ஷா, சைமன் ஆகிய மூவரும் அமைத்த ‘பொதுச் சிக்கல் தீர்ப்பி’, உள்ள நிலைக்கும் குறிக்கோளுக்கும் இடையேயுள்ள வேறுபாடுகளைப் படிப்படியாகக் குறைக்க முயன்றது. 1971-இல் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஃபைக்ஸ், நில்சன் இருவரும் ‘ஸ்ட்ரிப்ஸ்’ முறையை வகுத்தனர். ஒரு வினை நிகழ்வதற்கு வேண்டிய முன்நிலை, அதனால் புதிதாக உண்மையாவன, அதனால் உண்மையாகாது ஒழிவன என ஒவ்வொரு வினைக்கும் இம்முறை மூன்று கூறுகளைக் கொண்டது. பிற்கால முறைகள் பலவற்றிற்கும் இதுவே அடிப்படையாயிற்று.

இதில் எழும் இடர்ப்பாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். உப்பிலியபுரத்தில் மூட்டைகளை ஏற்றிய லாரி ஒன்று துறையூர் வழியாகத் தெற்கே சென்று, கொள்ளிடத்தைக் கடந்து திருவரங்கத்திலும், பின்னர்க் காவிரியைக் கடந்து திருச்சிராப்பள்ளியிலும் சரக்கிறக்க வேண்டும் எனக் கொள்க. லாரியின் பின்கதவு ஒன்றே திறக்கும். குறிக்கோள்களைத் தனித்தனியே எடுத்து, முதலிற் சேரும் திருவரங்கத்துக்குரிய மூட்டைகளை முதலில் ஏற்றினால் அவை உள்ளே அடைபட்டுவிடும். பின்னர் இறங்குவது முன்னர் ஏறவேண்டும். குறிக்கோள்களின் இத்தகைய முரணை, மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் சஸ்மன் 1973-இல் அளித்த ஆய்வேடு மூன்று கட்டைகளைக் கொண்டு காட்டியது. 1975-இல் சேசர்டோட்டி, வினைகளின் முன்பின் ஒழுங்கைத் தேவை நேருங்காறும் உறுதிசெய்யாது விடும் வழியை வகுத்தார். 1999 மே மாதத்தில் ‘டீப் ஸ்பேஸ் 1’ என்னும் விண்கலத்தில் திட்டமிடும் நிரலொன்று இயங்கிக் கலத்தின் வினைகளை வகுத்தது.

இத்துறையில் தமிழ்நாட்டுக்கும் தொடர்புண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1983-இல் பட்டம் பெற்றுப் பின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியரான சுப்பாராவ் கம்பம்பாட்டி, வெவ்வேறாகத் தோன்றிய திட்டமிடல் முறைகளை ஒரே கோட்பாட்டுள் அடக்கி 1997-இல் கட்டுரை வரைந்தார். பெருமொழி மாதிரிகள் தாமே திட்டமிட வல்லன அல்ல என்றும், அவை தரும் வரிசையைப் புறத்தேயுள்ள சரிபார்ப்பி ஒன்று ஆய்தல் வேண்டும் என்றும் 2024-இல் அவரும் அவருடன் ஆய்ந்தோரும் வாதிட்டனர். வாக்கியம் செவ்விதாக அமைதல் வேறு. ஒவ்வொரு வினைக்கும் உரிய முன்நிலை அவ்வவ்விடத்தில் உண்மையாயிருத்தல் வேறு. பயணத்தை எத்துணை அழகாக விவரித்தாலும், அடைபட்ட மூட்டை வெளிவாராது.

வள்ளுவர் இத்துறையை முன்னரே கண்டார் எனக் கூறுதல் மிகையாகும். அவர் மாந்தர் செயலைக் கூறினார். ஆயினும் சொல்லின் செம்மையைப் பொருளின் செம்மைக்குச் சான்றாகக் கொள்ளாமை, உரைகளை ஒப்பிட்டு ஆய்வார்க்குப் பழகிய நெறியேயாகும். பொறி வகுக்கும் திட்டங்களை ஏற்குமுன்னும் அந்நெறியே நமக்கு வேண்டப்படுவது.