சாரலுக்கு ஏற்ற டயர் - ஒரு வரலாறு

குளிர் நாடுகளில் பல குடும்பங்கள் ஆண்டுக்கு இருமுறை காரின் டயரை மாற்றுகின்றன. பனிக்காலத்திற்கு ஒன்று, கோடைக்கு ஒன்று. தென்காசியில் பனி பெய்வதில்லை. ஆனால் ஜூன் பிறந்தால் சாரல் தொடங்கிவிடும். ஐந்தருவிக்குக் குடும்பத்தோடு வரும் கார்களுக்கும், செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவு மலையேறும் கார்களுக்கும் ஆகஸ்ட் வரை ஈரச்சாலைதான் பெரிய சோதனை.

காற்றடைத்த டயரை 1888-ல் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்தார். தொடக்ககால டயர்கள் வழுவழுப்பாகவே இருந்தன. வரிகள் வெட்டிய கார் டயரை ஜெர்மனியின் கான்டினென்டல் நிறுவனம் 1904-ல் கொண்டுவந்தது. நம் ஊர் மெக்கானிக்குகள் 'பட்டன்' என்று சொல்வது இந்த வரிக்கட்டைகளைத்தான். வேடிக்கை என்னவென்றால், காய்ந்த தார்ச்சாலையில் பட்டன் இல்லாத டயரே நன்றாகப் பிடிக்கும். பந்தயக் கார்களில் இன்றும் அப்படித்தான். வரிகளின் முதல் வேலை தண்ணீரை வெளியேற்றுவது.

ரப்பரோ தென்காசிக்குப் பக்கத்து வீட்டுச் சரக்கு. 1876-ல் விக்காம் பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டுசென்ற விதைகளின் வழித்தோன்றல்கள் இலங்கை வழியாகக் கேரளம் வந்தன. கணவாயைத் தாண்டினால் புனலூர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டங்கள்தான். தமிழ்நாட்டில் 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம், 1952-ல் பழைய டயருக்கு மேலுறை போடும் ரப்பரையும், 1961-ல் அமெரிக்க மான்ஸ்ஃபீல்டு நிறுவனக் கூட்டுடன் டயரையும் தயாரிக்க முனைந்தது. புது டயருக்கு முன்பே ரீட்ரேடிங் வந்தது நம் சிக்கனத்துக்குப் பொருத்தம்தான்! லாரியின் பின்சக்கரத்துக்கு அது சரி. குடும்பக் காரின் முன்சக்கரத்துக்கு வேண்டாம்.

பனி டயரைப் பின்லாந்துக்காரர்கள் 1934-ல் லாரிக்கும் 1936-ல் காருக்கும் செய்தார்கள். சாதாரண ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுகிவிடும் என்பதால் பனி டயருக்கு மென்மையான கலவை. தென்காசி வெயிலில் அது சீக்கிரம் தேய்ந்துபோகும். எனவே இங்கே பார்க்கவேண்டியது வரிகளின் ஆழமே.

1960-களில் நாசாவின் லாங்லி ஆய்வகத்தில் ஹோர்ன் என்பவரும் குழுவினரும் விமான டயர்களைச் சோதித்தபோது ஓர் உண்மை தெளிவானது. தேங்கிய நீரில் வேகமாகச் சென்றால் டயர் தரையை விட்டு நீரின் மேல் மிதக்கும். அப்போது பிரேக்கும் கேட்காது, ஸ்டியரிங்கும் கேட்காது. காற்று குறைந்தால் இன்னும் குறைந்த வேகத்திலேயே மிதக்கும். மழைக்குக் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகள் காருக்குக் குறைந்தது 1.6 மி.மீ. வரியாழம் கேட்கின்றன. வரிகளுக்கு நடுவே உள்ள சிறு மேடு தரையைத் தொடும் அளவுக்குத் தேய்ந்துவிட்டால் அந்த எல்லை வந்துவிட்டது என்று பொருள். சாரல் காலத்துக்கு 3 மி.மீ.யாவது இருப்பது நல்லது.

எப்போதாவது மட்டும் வெளியே எடுக்கும் கார்களில் பட்டன் புதிதுபோலவே இருக்கும், ஆனால் ரப்பர் இறுகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் 2000-க்குப் பின் அச்சிடப்படும் நான்கு இலக்கங்கள் வயதைச் சொல்லிவிடும். 2319 என்றிருந்தால் அது 2019-ன் 23-வது வாரத்தில் பிறந்த டயர்.