ஈம் கிராமமும் இரண்டு பாதிரிகளும்

2020 ஏப்ரல் 12, ஈஸ்டர் ஞாயிறு. இங்கிலாந்துத் திருச்சபையின் அப்போதைய தலைமைப் பேராயர் ஜஸ்டின் வெல்பி அன்றைக்கு ஆராதனையை எங்கிருந்து நடத்தினார் தெரியுமா? காண்டர்பரி பேராலயத்திலிருந்து இல்லீங்க. லண்டன் லாம்பெத் அரண்மனையில் அவர் குடியிருந்த வீட்டுச் சமையலறையிலிருந்து!

கொரோனா வந்த புதுசு. மார்ச் 24ஆம் தேதி பேராயர்கள் ஒரு கடிதம் அனுப்பியிருந்தார்கள். கோயில் கதவைப் பூட்டுங்க, சபையார் மட்டுமில்லை, பாதிரியாரும் தனியா ஜெபம் பண்ணக்கூட உள்ளே போகவேண்டாம் என்று. நேரலைக்காகப் பாதிரியார் மட்டும் உள்ளே போகலாம் என்று அரசாங்கமே அனுமதித்திருந்தது. திருச்சபை அதையும் தாண்டிப் போனது. உடனே சண்டை. "ஜனங்க சாகறப்ப கோயிலைப் பூட்டிட்டு வீட்ல உட்கார்ந்தா நாம எதுக்கு?" என்று ஒரு கூட்டம். "பூட்டுறதுதான்யா இப்போ ஊழியம்" என்று இன்னொரு கூட்டம். மே மாசம்தான் பாதிரியார்களை உள்ளே விட்டார்கள். பொது ஆராதனை திரும்ப ஆரம்பிக்க ஜூலை 4 ஆகிவிட்டது.

அந்தச் சண்டையில் இரண்டு தரப்புமே அடிக்கடி இழுத்த பெயர் ஒன்று உண்டு. ஈம். டெர்பிஷயர் மலைப்பக்கம் இருக்கும் ஒரு கிராமம். ஆங்கில எழுத்தை அப்படியே வாசித்தால் 'ஈயம்' என்று வரும், சொல்வதென்னவோ ஈம். வேடிக்கை என்னன்னா, அது நிஜமாகவே ஈயச் சுரங்கம் இருந்த ஊர். 'ஈம்' என்று சொன்னால் தமிழ்க்காதுக்கு வேறொரு சொல்லும் ஞாபகம் வரும். 1666இல் அந்த ஊருக்கு அதுவும் பொருந்தியது.

ஈமுக்குப் போகும் முன்னால் ஒரு சட்ட விஷயம். கொஞ்சம் பொறுத்துக்குங்க, இது இல்லாமல் கதை புரியாது.

நோயாளியைப் போய்ப் பார்ப்பது பாதிரியாரின் கடமைதானே? ஆங்கிலிக்கன் சபையின் 1604ஆம் ஆண்டு விதிகளில் 67ஆம் விதி அதைத்தான் சொல்கிறது. கூடவே அடைப்புக்குறிக்குள் ஒரு வால் இருக்கிறது. தொற்றுநோய் என்று தெரிந்தாலோ, அப்படிச் சந்தேகம் இருந்தாலோ போகவேண்டிய கட்டாயம் இல்லை! அதே சமயம் 1662 ஜெபப்புத்தகம் வேறு மாதிரி பேசுகிறது. நோயாளிக்கு வீட்டில் திருவிருந்து கொடுக்கும்போது கூட இரண்டு மூன்று பேராவது சேர்ந்து பங்கெடுக்கணும் என்பது வழக்கம். பிளேக் காலத்தில் பயந்துகொண்டு ஒருத்தரும் வரவில்லையென்றால், நோயாளி விரும்பிக் கேட்டால், பாதிரியார் மட்டும் அவரோடு உட்கார்ந்து பங்கெடுக்கலாம் என்கிறது. ஆக, விதி 'போகாமல் இருக்கலாம்' என்கிறது, ஜெபப்புத்தகம் 'தனியாகவாவது போகலாம்' என்கிறது. எதைப் பிடித்துக்கொள்வது என்பது அவரவர் மனசாட்சி.

1665இல் லண்டனில் பெரிய பிளேக் வந்தபோது நிறையப் பேர் முதல் வழியைப் பிடித்துக்கொண்டார்கள். ராஜா சார்லஸ் ஊரைவிட்டுப் போனார், பணக்காரர்கள் போனார்கள், வைத்தியர்கள் போனார்கள், பாதிரிமார்களிலும் பலர் போனார்கள். எல்லாரும் இல்லை, நின்று செத்தவர்களும் உண்டு. தலைமைப் பேராயர் கில்பர்ட் ஷெல்டன் லாம்பெத்தை விட்டு நகரவில்லை. ஆமாம், அதே லாம்பெத்துதான்.

அப்போ காலியாகக் கிடந்த பிரசங்க மேடைகளில் ஏறியவர்கள் யாருன்னு பார்த்தால், சபையால் துரத்தப்பட்டவர்கள். 1662இல் வந்த சீர்மைச் சட்டம், புது ஜெபப்புத்தகத்தை முழுசா ஏற்றுக்கொள்ளாத பாதிரிகளுக்கு வேலை இல்லை என்றது. ஏறக்குறைய 2000 பேர் வெளியே போனார்கள். அதில் ஒருவர் தாமஸ் வின்சென்ட். ஓடிப்போனவர்களின் கோயில்களில் ஏறி, சாவுக்கு நடுவே பிரசங்கம் செய்தார். இதற்கு அரசாங்கம் கொடுத்த பரிசு? அந்த அக்டோபரிலேயே பிளேக்குக்குப் பயந்து ஆக்ஸ்போர்டில் கூடிய பாராளுமன்றம் 'ஐந்து மைல் சட்டம்' போட்டது. வெளியேற்றப்பட்ட பாதிரி உறுதிமொழி எடுக்காவிட்டால், தான் முன்பு ஊழியம் செய்த ஊருக்கு ஐந்து மைலுக்குள் வரக்கூடாது. ஷெல்டன் இந்தச் சட்டங்களின் பெரிய ஆதரவாளர். துணிச்சலும் காழ்ப்பும் ஒரே ஆளிடம் இருக்கலாம் போல.

சரி, இப்போ ஈம்.

ஊரில் இரண்டு பாதிரி. ஒருத்தர் வில்லியம் மாம்பெசன், 1664இல் வந்த அதிகாரபூர்வ குருவானவர். இருபதுகளின் பிற்பகுதி வயசு. மனைவி கேத்தரின், இரண்டு சின்னப் பிள்ளைகள். இன்னொருத்தர் தாமஸ் ஸ்டான்லி, ராஜா இல்லாத காலத்தில் வருஷக்கணக்காக அந்த ஊர்ப் பாதிரியாக இருந்து, 1662 சட்டத்தில் வேலை போனவர், பியூரிட்டன். ஊர் ஜனங்களுக்கு ஸ்டான்லியைத்தான் பழக்கம். ஒரு ஊரில் பழைய வாத்தியாரும் புது வாத்தியாரும் சேர்ந்தே இருந்தால் எப்படி இருக்கும்? அதைவிட மோசம் இது. ஒருத்தரை வெளியே தள்ளிய அதே ஜெபப்புத்தகத்தை வைத்துத்தான் இன்னொருத்தர் ஆராதனை நடத்துகிறார்.

1665 செப்டம்பர். லண்டனிலிருந்து ஒரு தையற்காரர் வீட்டுக்குத் துணி மூட்டை வந்தது, அதில் தெள்ளுப்பூச்சி இருந்தது என்பது காலங்காலமாகச் சொல்லும் கதை. அந்த வீட்டில் இருந்த ஜார்ஜ் விக்கர்ஸ் செப்டம்பர் 7ஆம் தேதி புதைக்கப்பட்டார். பிறகு பக்கத்து வீடு, எதிர் வீடு. குளிர்காலத்தில் அடங்கியது. முடிஞ்சதுடா சாமி என்று ஜனங்கள் மூச்சு விட்டிருப்பார்கள். 1666 ஜூனில் திரும்பக் கிளம்பியது.

அப்போதுதான் இரண்டு பாதிரியும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். மூன்று முடிவு எடுத்தார்கள். கோயில் கதவைப் பூட்டி ஆராதனையை ஊருக்கு வெளியே கக்லெட் டெல்ஃப் என்ற பள்ளத்தாக்கில் வைப்பது. குடும்பம் குடும்பமாகத் தள்ளித் தள்ளி நின்றார்கள், மாம்பெசன் பாறையில் நின்று பேசினார். இரண்டாவது, நோய் அடங்கும்வரை ஊரைவிட்டு யாரும் வெளியே போவதில்லை. எல்லையில் ஒரு கல், அதில் குழிகள், குழியில் வினிகர், வினிகரில் காசு. பக்கத்து ஊர்க்காரர்கள் சாமானை வைத்துவிட்டுக் காசை எடுத்துப் போவார்கள். சாட்ஸ்வொர்த் மாளிகையில் இருந்த டெவன்ஷயர் பிரபு உணவும் மருந்தும் அனுப்பினார்.

இந்த எல்லைக்கல் கதையைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கென்னவோ மூன்றாவது முடிவுதான் பெரிசாகப் படுகிறது. அவரவர் வீட்டுப் பிணத்தை அவரவரே, தோட்டத்திலோ வயலிலோ புதைத்துக்கொள்ளவேண்டும். கல்லறைத் தோட்டம் கிடையாது. அந்தக் காலத்துக் கிறிஸ்தவ ஜனங்களுக்கு இது என்ன மாதிரி அடி என்று யோசித்துப் பாருங்க. அர்ச்சிக்கப்பட்ட மண்ணில், அப்பா தாத்தா பக்கத்தில், பாதிரியார் ஜெபத்தோடு போவது என்பது கடைசி மரியாதை. நம்ம ஊரில் கருமாதி இல்லாமல் போவதை நினைத்துக்கொண்டால் கிட்டத்தட்டப் புரியும். அதை ஒரு பாதிரியாரே 'வேண்டாம்' என்று சொல்லி, ஜனங்களும் கேட்டிருக்கிறார்கள்.

எலிசபெத் ஹான்காக் என்ற அம்மா ஆகஸ்ட் மாதம் எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் வீட்டுப்பக்கத்து வயலில் தானே புதைத்தார். அந்தக் கல்லறைகள் ரைலி கல்லறைகள் என்ற பெயரில் இன்றும் இருக்கின்றன. புதைக்க ஆள் இல்லாத வீடுகளுக்கு மார்ஷல் ஹோ என்று ஒருத்தர் போவார். நோய் வந்து பிழைத்தவர், அதனால் பயமில்லை. கூலியாக வீட்டிலிருந்ததை எடுத்துக்கொள்வாராம். பிறகு அவர் மனைவியும் மகனும் அதே நோயில் போனார்கள். அந்த ஆகஸ்டில் மட்டும் 78 சாவு.

அதில் ஒன்று கேத்தரின் மாம்பெசன், ஆகஸ்ட் 25. பிள்ளைகளை முன்பே வெளியூருக்கு அனுப்பியிருந்தார்கள், கணவர் கெஞ்சியும் அவர் மட்டும் போகவில்லை என்பார்கள். அவருக்கு மட்டும் கோயில் வளாகத்திலேயே கல்லறை.

இங்கே கொஞ்சம் முகம் சுளிப்பவர்கள் உண்டு. தன் பிள்ளைகளை அனுப்பிவிட்டு ஊரார் பிள்ளைகளைப் பூட்டிவைத்தாரா? கேள்வி நியாயம்தான். எல்லை மூடும் முன்பே அனுப்பினார் என்பது ஒரு பதில், அப்படி அனுப்பும் வசதி சுரங்கத் தொழிலாளிக்கு இருந்ததா என்பது அதற்கு மேல் கேள்வி. நான் அவரைக் குற்றம் சொல்லமாட்டேன், ஆனால் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டவும் மாட்டேன்.

கதையிலேயே ஓட்டைகளும் உண்டு. அந்தக் காலத்து நேரடி ஆதாரம் என்று பார்த்தால் மாம்பெசனின் மூன்று கடிதங்கள்தான் முக்கியம். இறந்தவர் பதிவேடு கூட 1705 வாக்கில் எடுத்த நகல். பாட்ரிக் வாலிஸ் என்ற ஆய்வாளர் 2006இல் எழுதிய கட்டுரையில், 'மாவீரத் தியாகம்' என்ற வடிவம் பெரும்பாலும் பின்னால் வந்த கவிஞர்களும் உள்ளூர் வரலாற்றாசிரியர்களும் கட்டியது என்று காட்டுகிறார். 350 பேரில் 260 பேர் செத்தார்கள் என்று பழைய புத்தகங்கள் சொல்லும். ஊரில் அதைப்போல் இரண்டு மடங்கு ஜனம் இருந்திருக்கலாம் என்பது இப்போதைய கணக்கு. மாம்பெசனே 1666 நவம்பர் கடிதத்தில் எழுதியது, 76 குடும்பம், 259 உயிர். எப்படிப் பார்த்தாலும் ஒரு கிராமத்துக்கு இது தாங்காது. பூட்டிக்கொண்டது ஊருக்குள்ளே சாவைக் கூட்டியிருக்கலாம் என்றும் ஒரு வாதம் இருக்கிறது. பிளேக்குக் கிருமியைக் கண்டுபிடித்ததே 1894இல். தெள்ளுப்பூச்சி பற்றி ஒன்றும் தெரியாமல் எடுத்த முடிவு இது.

இதையெல்லாம் கழித்துவிட்டாலும் ஒன்று மிஞ்சுகிறது. ஊருக்குப் புதுசான மாம்பெசன் தனியாகச் சொல்லியிருந்தால் ஈம் ஜனங்கள் கேட்டிருப்பார்களா? சந்தேகம். லண்டனில் நோய் வந்த வீட்டை வெளியே பூட்டி, சிவப்புச் சிலுவை வரைந்து, காவலாளியை நிறுத்தினார்கள். ஈமில் அப்படி ஒரு படை இல்லை, சொல்லுக்குத்தான் மதிப்பு. அந்த மதிப்பு ஸ்டான்லியிடம் இருந்தது. அவரோ ஐந்து மைல் சட்டம் குறிவைத்த வகை ஆள். ஈமில் நிற்கவே கூடாதவர் என்று பாராளுமன்றம் சொன்ன ரகம். அப்படிப்பட்டவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டதுதான் மாம்பெசன் செய்த பெரிய காரியம் என்பேன்.

2020இல் சண்டை போட்டவர்கள் ஈமைத் தங்கள் பக்கம் இழுத்தபோது இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஒருவர் 'அவர்கள் கதவைப் பூட்டினார்கள்' என்றார், இன்னொருவர் 'அவர்கள் ஜனங்களோடு நின்றார்கள்' என்றார். இரண்டும் உண்மை. பூட்டினார்கள், பூட்டிவிட்டு வயல்வெளியில் ஜனங்களோடு நின்றார்கள். (1947இல் ஆங்கிலிக்கன் சபையும் சேர்ந்து உருவான நம்ம ஊர் சி.எஸ்.ஐ.யிலும் கொரோனா காலத்தில் கதவு மூடித்தான் இருந்தது. அங்கே இருந்த நண்பர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்க.)

பிறகு என்ன ஆனார்கள்? கடைசிச் சாவு 1666 நவம்பரில். மாம்பெசன் மீண்டும் திருமணம் செய்துகொண்டார். ஈக்ரிங் என்ற ஊருக்கு மாற்றலாகிப் போனார். 'பிளேக் சாமியார் வர்றார்' என்று அந்த ஊர் ஜனங்கள் பயந்து உள்ளே விடவில்லையாம். கொஞ்ச காலம் ரஃபோர்ட் பூங்காவில் ஒரு குடிசையில் இருந்துகொண்டு, மரத்தடியில் பிரசங்கம் செய்தார் என்பது அங்கே வழங்கும் கதை. 1709 வரை வாழ்ந்தார்.

ஸ்டான்லி ஈமை விட்டுப் போகவே இல்லை. நோய் அடங்கிய பிறகு சிலர் டெவன்ஷயர் பிரபுவிடம் போய், 'இந்த ஆள் இங்கே இருக்கக்கூடாது, வெளியேற்றுங்கள்' என்று மனுக் கொடுத்தார்களாம். இந்த மாவட்டமே அந்த மனுஷனுக்கு நன்றி சொல்லவேண்டும், நீங்கள் துரத்தச் சொல்கிறீர்களா என்கிற மாதிரி பிரபு பதில் சொல்லி அனுப்பினார் என்று வெளியேற்றப்பட்ட பாதிரிகள் தரப்பு 1702இல் எழுதி வைத்திருக்கிறது. 1670இல் ஈமிலேயே இறந்தார் ஸ்டான்லி.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு ஈமில் 'பிளேக் ஞாயிறு'. கேத்தரின் கல்லறையில் மலர்வளையம் வைத்துவிட்டு, ஊரே ஊர்வலமாக அந்தப் பள்ளத்தாக்குக்குப் போய் ஆராதனை நடத்துவது அந்த நாளின் வழக்கம்.